டண்டினொங்கில் சொன்ன காதல் கதை

யோகராணிக்குக் காதல் கதையைத் தவிர வேறொன்றும் எழுத வராது. முயன்று பார்க்காமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் 'நான் ஒரு தபால் பெட்டி' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். யோகராணி எழுதிய தபால் பெட்டிக்கு, காலையில் கடிதம் போட வருகிற ஒரு பெண்ணின் வளையல் சத்தம் பிடித்துப்போய்விட்டது. அவள் வராத நாட்களில் அது துருப்பிடித்தது. ஆசிரியை சிவப்பு மையால், 'தலைப்பை விட்டு விலகாதே' என்று எழுதிக் கொடுத்தார்.

பத்தொன்பது வயதில் அவளுடைய முதல் கதை கொழும்பு வார இதழ் ஒன்றில் வந்தது. மழை நாளில் மானிப்பாய்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற இரண்டு பேர், பஸ் பிந்துகிறது, அவ்வளவுதான் கதை. ஆனால் வாசித்தவர்கள் எல்லோரும் அந்தப் பையன் யாரென்று தேடத் தொடங்கினார்கள். தபாற்கந்தோரில் வேலை பார்ப்பவனா, ரியூட்டரியில் கணக்குப் படிப்பிப்பவனா என்று அயலில் ஆராய்ச்சி நடந்தது. உண்மையில் ஒருவனும் இல்லை. யோகராணி அதுவரை ஒருவரையும் காதலித்ததில்லை. அவளை யாரும் காதலித்ததாகவும் தகவல் இல்லை. அப்பா கதையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அவளுடைய சாதகத்தை எடுத்துக்கொண்டு தரகர் வீட்டுக்குப் போனார்.

மாப்பிள்ளை விக்னராஜா, நீர்வழங்கல் திணைக்களத்தில் படம் வரைகிறவர். எந்தத் தெருவுக்குக் கீழே எந்தக் குழாய் போகிறது, எங்கே வளைகிறது என்பதை மெல்லிய கோடுகளாக வரைவது அவருடைய வேலை. ஆளும் அப்படித்தான், நிலத்துக்கு அடியில் ஓடுகிறவர். கலியாணம் முடிந்த புதிதில் ஒருநாள் சாப்பாட்டுக்கு இடையில் கேட்டார்.

"நீர் கதை எழுதுறனீராமே. என்ன கதை?"

"காதல் கதைதான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சொதியை ஊற்றிக்கொண்டார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தமென்று யோகராணிக்குத் தெரியவில்லை. பிடிக்கவில்லையோ, அல்லது பிடித்ததைக் காட்டத் தெரியவில்லையோ. கேட்கவும் கூச்சமாக இருந்தது. எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது அப்படியே நின்றுபோயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்றின் கடைசியில் அவர்கள் ஆஸ்திரேலியாவில் மெல்பேர்ணுக்கு வந்தார்கள். விக்னராஜாவுக்கு இங்கேயும் குழாய்ப் படம் வரைகிற வேலைதான் கிடைத்தது. ஸ்பிரிங்வேலில் ரயில் பாதையோரமாக ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அந்தக் காலத்தில் தமிழ் ஆட்கள் இங்கே மிகக் குறைவு. பொங்கலுக்கு யாராவது ஒருவர் வீட்டில் எல்லோரும் கூடினால், உட்கார அந்த ஒரு வீட்டின் கதிரைகளே போதும். மற்ற நாட்களில் பேச்சுக்கு ஆளில்லை. விக்னராஜா வேலைக்குப் போனபின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும் கேட்கும். அந்த அமைதி தாங்காமல்தான் யோகராணி டண்டினொங்கில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அது தக்காளிக் காலம். மாசி மாத வெயிலில் அந்தத் தெரு முழுவதும் தக்காளி அவிகிற மணம் அடிக்கும். லொறிகள் சிவப்பாக வந்து சேரும். உள்ளே ஓடும் பட்டியில் டின்கள் வரிசையாக ஆடி ஆடி வரும்; நசுங்கியதையும் லேபிள் கோணலாக ஒட்டியதையும் எடுத்து ஒதுக்குவது யோகராணியின் வேலை. இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளோடு பேச முடியாது. முதல் வாரம் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அதன்பிறகு அந்தச் சத்தத்துக்குள்ளே ஒரு இடம் இருப்பது தெரிந்தது. தண்ணீருக்குள் அமிழ்ந்தது போன்ற இடம். கைகள் டின்களைப் பார்த்துக்கொண்டன. அவள் வேறெங்கோ இருந்தாள்.

அங்கேதான், எத்தனையோ நாளுக்குப் பிறகு, ஒரு பெண் வந்தாள். தீவு ஒன்றில் படிப்பிக்கிற ரீச்சர். திங்கட்கிழமை காலையில் ஊர்காவற்றுறைத் துறையில் இயந்திரப் படகு ஏறித் தீவுக்குப் போவாள், வெள்ளி பின்னேரம் திரும்பி வருவாள். கடலின் நடுவில் ஒரு சிறிய வள்ளத்தில் ஒரு இளைஞன் கயிறு விட்டுக் கடலின் ஆழத்தை அளந்துகொண்டிருப்பான், வரைபடம் செய்வதற்காக. படகு எழுப்பிய அலை அவனுடைய கயிற்றைக் குழப்பிவிட்டது. அவன் கையை உயர்த்தினான். ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்தார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்குச் சிரிக்கிறாய்?" என்று தேநீர் இடைவேளையில் ஒருத்தி கேட்டாள்.

கேட்டவள் வூலா. கிரேக்கத் தீவொன்றிலிருந்து வந்தவள். பட்டியின் எதிர்ப்பக்கத்தில் நிற்பவள். அகலமான தோளும் சாம்பல் நிறக் கண்ணும். இருவருக்கும் இடையே இருந்தது ஒரு அரைகுறை ஆங்கிலம். இறந்தகாலமும் எதிர்காலமும் அதில் ஒன்றுதான்.

"ஒரு பெண்ணை நினைச்சேன்," என்றாள் யோகராணி. "படகில் போகிற பெண்."

"உன் தங்கையா?"

"இல்லை. கதை."

வூலா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லு."

அப்படித் தொடங்கியது. தெரிந்த ஆங்கிலச் சொற்களுக்குள்ளே கதையை வைத்துச் சொல்ல வேண்டியிருந்ததால், யோகராணி இதுவரை எழுதிய எல்லாவற்றையும்விட இது எளிமையாக வந்தது. கடல். காற்று. அவள் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. அவன் பார்த்தான். வூலா பெண்ணின் பெயரைக் கேட்டபோது, அவளுக்குச் சொல்லச் சுலபமாக இருக்கட்டுமென்று, "கலா" என்றாள். அடுத்த நாள் வூலா, மால்ட்டாவிலிருந்து வந்த இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு அடுத்த வாரம் மேசையைச் சுற்றி இடமில்லை. மேற்பார்வை செய்கிற நோர்மா என்ற ஆஸ்திரேலிய மனிசி, இடைவேளை முடிந்தது என்று சொல்ல வருகிறவள், கதவோரத்தில் நின்று கேட்டுவிட்டுப் பிறகுதான் சொல்வாள்.

தக்காளிக் காலம் முடிந்தது. தொழிற்சாலை சூப்புக்கு மாறியது. குளிர் தொடங்கி, காலையில் வாயிலிருந்து புகை வந்தது. டண்டினொங் நிலையத்தில் இறங்கினால் பனிக்குள்ளே ஆட்கள் பாதி உருவமாக நடந்தார்கள். கதை ஓடிக்கொண்டேயிருந்தது. யோகராணி அவசரப்படுகிற ஆளில்லை. அவளுடைய கதைகளில் வில்லன்கள் கிடையாது. கெட்டவர்களைப் பற்றி எழுத அவளுக்குப் பொறுமை போதாது. அவளுடைய காதலர்களைப் பிரிப்பதெல்லாம் காற்றும் கூச்சமும் பிந்தி வருகிற வாகனமும்தான். அவன் ஒருநாள் படகில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் நின்றான், ஒன்றும் பேசவில்லை. இன்னொரு நாள் பேசினான், காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை. பெண்கள் கோபப்பட்டார்கள்.

"ஏன் அவள் மறுபடி கேட்கவில்லை?" என்றாள் மால்ட்டாக்காரி.

"வெட்கம்."

"வெட்கப்பட்டால் கிழவியாகத்தான் ஆவாள்," என்றாள் நோர்மா கதவோரத்திலிருந்து.

பிறகு, கடலை அளந்து முடித்ததும், அவனைத் தூரத்துத் துறைமுகம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். கலா திங்கட்கிழமைகளில் வெறும் கடலைப் பார்த்துக்கொண்டு போனாள். அந்த வாரம் வூலா சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தாள்.

"அவன் திரும்பி வருவானா?"

"அவன் வரமாட்டான். வேலை," என்றாள் யோகராணி. சற்று யோசித்தாள். "அவள் போவாள்."

"தனியாகவா? தேடிக்கொண்டா?"

"ஓம். தனியாக."

வூலா சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்று வேலை முடிந்து நிலையத்துக்கு நடந்தபோதுதான் தன்னைப் பற்றி முதன்முதலாகச் சொன்னாள். அவளுடைய தீவில் ஸ்தாவ்ரோஸ் என்று ஒருவன். அவளுக்குப் பத்தொன்பது வயதில், போய்க் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு சிட்னிக்குக் கப்பல் ஏறினான். கூப்பிடவில்லை. பிறகு அவளுடைய அண்ணன் அவளை மெல்பேர்ணுக்கு எடுத்தான். ஸ்தாவ்ரோஸைப் பற்றி இப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று: கடற்கரைக்கு எதிரே, விமானங்கள் தண்ணீருக்கு மேலாக இறங்குகிற இடத்தில், கடை வைத்திருக்கிறான். இதை ஊர் ஆள் ஒருவர் சொல்லிக் கேட்டது. அதைச் சொல்லும்போது வூலாவின் குரல், வேறு யாருடைய வீட்டையோ பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாக இருந்தது.

வைகாசி முடிகிற வாரத்தில் கலா தனியாக ரயிலேறினாள். தூரத்துத் துறைமுகத்தில் இறங்கி நடந்தாள். அவன் கரையில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். கதை முடிந்தது. மால்ட்டாக்காரி அழுதாள், நோர்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லோரும் பட்டிக்குப் போகலாம் என்றாள். வூலா யோகராணியின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை வூலா வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் அவளுடைய அண்ணன் தொழிற்சாலை வாசலுக்கு வந்தான். கருத்த மீசை, பெரிய கை. கதை சொன்ன இந்தியப் பெண் யார் என்று கேட்டான். நோர்மா யோகராணியைக் கூப்பிட்டாள். கூப்பிட்டாலும் அவளை விட்டு விலகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

"என் தங்கை சிட்னிக்குப் போய்விட்டாள்," என்றான் அவன். "அந்தப் பெண் போனாள், நானும் போகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். எந்தப் பெண்? எந்தப் பெண் போனாள்?"

"அது கதை," என்றாள் யோகராணி. "அப்படி ஒரு பெண் இல்லை."

அவன் அவளையே பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இல்லாத பெண்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று யோகராணிக்குப் பட்டது.

அன்றிலிருந்து அவள் கதை சொல்லவில்லை. மேசையில் பெண்கள் காத்திருந்தார்கள், அவள் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனாள். வீட்டிலும் கறிக்கு உப்புப் போட மறந்தாள். விக்னராஜா உப்பில்லாத கறியை இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் நாள் பின்னேரம் குசினிக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"என்னப்பா நடந்தது?"

அவள் சொன்னாள். சொல்லிவிட்டு, "நான் சும்மா வாயில வந்ததைச் சொல்ல, ஒரு மனிசி அதை நம்பி எழும்பிப் போட்டுதே. அங்க அவன் என்ன நிலைமையில இருக்கிறானோ. கதையில எல்லாரும் வந்து சேருவினம். அது நான் சேர்க்கிறதாலை," என்றாள்.

"என்ன கதை சொன்னனீர்?"

"ஒரு காதல் கதை."

"அதுதான். என்ன கதை?"

கலியாணமாகி இத்தனை வருஷத்தில் கதையையே சொல்லச் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. யோகராணி வெங்காயம் உரித்தபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். தமிழில் சொன்னபோது கதை வேறாக இருந்தது. ஆங்கிலத்தில் வெறும் காற்றாக இருந்தது, தமிழில் வாடைக்காற்றாகவும் மேற்கிலிருந்து வீசும் கச்சானாகவும் பிரிந்தது. கடலுக்கு மணம் வந்தது. அடுப்பில் ஒன்றும் ஏற்றாமலே இருட்டிவிட்டது. விக்னராஜா குறுக்கே பேசவில்லை, ஒரே ஒரு இடத்தில் தவிர.

"அவன் என்னத்தாலை அளந்தவன்?"

"கயிறு."

"வெறும் கயிறு நிக்காது. நுனியில ஈயக் குண்டு கட்டுவினம். குண்டுக்கு அடியில கொழுப்புப் பூசி விடுவினம். அடியில இருக்கிற மண் அதில ஒட்டிக்கொண்டு மேல வரும். மண்ணோ சேறோ சிப்பியோ எண்டு பாத்து அதையும் படத்தில குறிப்பினம்."

யோகராணி கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். கடலுக்கு அடியிலிருந்து வந்த மண். அதுவரை ஒருவரும் பார்க்காத மண். அதை அந்த இளைஞன் அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைக்கிறான். அவளுக்கு அந்தக் காட்சி அப்படியே தெரிந்தது. மண் ஈரமாக, கொஞ்சம் நீலமாக இருந்தது.

"இது ஏன் எனக்கு முந்திச் சொல்லேல்லை?" என்றாள்.

"நீர் கேக்கேல்லையே," என்றார் விக்னராஜா. பிறகு, எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அடுத்த கிழமை மகாராணியின்ர பிறந்தநாள் எண்டு அரசாங்க லீவு. திங்கள் வேலையில்லை. சிட்னிக்குப் போய்ப் பாத்திட்டு வருவம்."

"விலாசமும் இல்லை."

"பிளேன் இறங்குற கடற்கரை எண்டு சொன்னனீர்தானே. வரைபடத்தில இருக்கும்."

வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு வேலையை முடித்துக்கொண்டு, அவர்களுடைய பழைய ஹோல்டன் காரில் புறப்பட்டார்கள். நீளமான ஒற்றைப் பாதை. ஊர்கள் வந்தன, போயின. பிறகு ஊர்கள் வருவது நின்று, மஞ்சள் புல்லும் செம்மறிகளும் வெள்ளைத் தோல் உரிந்த மரங்களும் வந்தன. ஓல்பரியில் ஆற்றங்கரையில் ஒரு மோட்டலில் தங்கிவிட்டுக் காலையில் பனி விலகுவதற்குள் மறுபடி கிளம்பினார்கள். ஆறு வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. விக்னராஜா காரை ஓரமாக நிறுத்தி, பிளாஸ்க்கிலிருந்து தேநீரை மூடியில் ஊற்றி அவளிடம் கொடுத்தார். இருவருக்கும் ஒரே மூடிதான். அவள் குடித்துவிட்டுக் கொடுத்தாள், அவர் அதைத் துடைக்காமல் குடித்தார். இப்படியான ஒன்றை நான் ஏன் ஒருநாளும் எழுதவில்லை என்று யோகராணி நினைத்தாள். அவளுடைய காதலர்கள் எல்லோரும் கரையில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டவர்கள். ஒருவரும் ஒரே மூடியில் தேநீர் குடித்ததில்லை.

பொட்டனி விரிகுடாவின் கரையில் அந்த இடம் இருந்தது. கூம்பு கூம்பாக வளர்ந்த பைன் மரங்கள், அவற்றுக்கு எதிரே கடைகள், தண்ணீருக்கு மேலாகத் தாழ்ந்து வருகிற விமானங்கள். மழை தூறியது. யோகராணி காருக்குள் இருந்தாள். விக்னராஜா இறங்கிக் கடை கடையாகப் போனார். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் லீவு கேட்பதற்கே ஒரு கிழமை யோசிக்கிற மனிதர், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, ஸ்தாவ்ரோஸ் என்றொருவரைத் தெரியுமா என்று முன்பின் தெரியாத கிரேக்கர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் ஸ்தாவ்ரோஸ் என்ற பெயரில் நிறையப் பேர் இருந்தார்கள் போலும். ஒவ்வொரு கடையிலும் ஒருவர் வெளியே வந்து அடுத்த கடையைக் காட்டினார். மழைநீர் வழியும் கண்ணாடிக்கு அப்பால் அவர் போய்ப் போய் வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய நடை இப்படியென்று அன்றைக்குத்தான் கவனித்தாள்: வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, நிலத்துக்கு அடியில் ஏதோ போகிறது என்பதுபோல் கவனமாகக் கால் வைத்து.

கடைசியில் அவர் கையை அசைத்தார்.

வூலா ஒரு மீன் கடையின் பின்பக்கத்தில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ரப்பர் ஏப்ரன், கை முழுவதும் செதில். யோகராணியைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மூவரும் கடற்கரைச் சுவரில், பைன் மரத்தின் கீழே உட்கார்ந்தார்கள்.

"கண்டாயா அவனை?" என்றாள் யோகராணி.

"கண்டேன். அதோ, அந்தப் பச்சைக் கூரைக் கடை. மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். முதலில் என்னை அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய மனைவி எனக்குச் சாப்பாடு போட்டாள். நல்ல பெண். ஆட்டிறைச்சி கொஞ்சம் வேகவில்லை."

"நான்தான் உன்னை..." என்று யோகராணி தொடங்கினாள்.

வூலா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுதேன். ஒருநாள் முழுக்க இந்தச் சுவரில் இருந்து அழுதேன். அதுக்குப் பிறகு பசித்தது. இங்கே மீன் வாசனை, எங்கள் தீவு மாதிரி. இந்தக் கடைக்காரி விதவை, ஆள் தேடிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு அறை இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். "வருஷக்கணக்காக நினைத்தேன், யோகா. போக வேண்டும், போக வேண்டும் என்று. ஒரு பெண் தனியாகப் போகலாம் என்று உன் கதை கேட்டபோதுதான் தெரிந்தது. நீ கவலைப்படாதே. அண்ணனுக்கு ஃபோன் பண்ணிவிட்டேன். கத்தினான். இப்போது கத்துவது குறைந்துவிட்டது."

"கதையில் அவன் காத்திருந்தான். அது பொய்."

"அதை மாற்றிவிடாதே," என்றாள் வூலா உடனே. "கலாவுக்கு அவன் கிடைக்க வேண்டும். எனக்குக் கிடைக்காததற்கு அவள் என்ன செய்வாள்?"

பிறகுதான் அவள் விக்னராஜாவைச் சரியாகப் பார்த்தாள். அவர் கொஞ்சம் தள்ளி, நனைந்த மழைக்கோட்டோடு, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர்தான் கடலை அளக்கிறவரா?"

யோகராணிக்கு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "இல்லை. இவர் தண்ணீர்க் குழாய்."

ஒரு விமானம் மிகத் தாழ்வாக, சக்கரங்கள் தெரிய, அவர்களுக்கு முன்னால் இறங்கியது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

மெல்பேர்ணுக்குத் திரும்பி வந்த வாரத்திலேயே யோகராணி எழுத உட்கார்ந்தாள். கலாவின் கதையைத் தமிழில் எழுதினாள். கடல் மண்ணை உள்ளங்கையில் வைக்கிற காட்சி புதிதாகச் சேர்ந்தது. முடிவை மாற்றவில்லை. விக்னராஜா முதலில் வாசித்தார். பென்சிலால் ஒரு இடத்தில் மட்டும் மெல்லிய கோடு போட்டிருந்தார்: மார்கழியில் அந்தக் கடலில் படகு ஓடாது என்று. அவள் மாதத்தைத் திருத்தினாள். கொழும்பு இதழ் அதை மூன்று வாரம் போட்டது. அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. வருஷத்துக்கு நாலைந்து கதை போகும், எல்லாம் காதல் கதை. ஆனால் இப்போது சில கதைகளில் கலியாணம் முடிந்த பிறகுதான் காதல் தொடங்கியது. இதழாசிரியர் ஒருமுறை, இது வாசகர்களுக்குப் புதிது, பரவாயில்லை, தொடருங்கள் என்று எழுதியிருந்தார்.

எழுபத்தேழு ஆவணியில் இலங்கையில் தமிழருக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்களில் பத்மா என்ற பெண்ணும் ஒருத்தி. விக்னராஜாவுக்குத் தூரத்து உறவு. கொழும்பில் அவர்களுடைய வீட்டை எரித்திருந்தார்கள். அவள் சில மாதம் ஸ்பிரிங்வேல் வீட்டின் முன்னறையில் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள், யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து ரயில் போவதைப் பார்ப்பாள். அந்த நாட்களில் பொங்கலுக்குக் கூடியபோது சிவமணி அங்கிள், வயதில் மூத்தவர், கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார்.

"பிள்ளை, நீர் நல்லா எழுதுறீர். ஆனா நாடு இப்பிடி எரியேக்கை காதல் கதை எழுதிக்கொண்டிருக்கலாமோ?"

யோகராணிக்கு அது சுட்டது. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவும் பட்டது. அந்தக் கிழமை முழுவதும் கலவரத்தைப் பற்றி எழுத முயன்றாள். கத்தியும் நெருப்பும் வைத்திருக்கிற ஆட்களுக்கு அவளால் முகம் கொடுக்க முடியவில்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டாள். எழுதுவதையே விட்டுவிடலாமோ என்றும் யோசித்தாள்.

ஒரு பின்னேரம் பத்மா பழைய இதழ்களோடு குசினிக்குள் வந்தாள்.

"அக்கா, இதில மூண்டாவது கிழமை இதழ் இல்லை. அந்தப் பெட்டை கடைசியில போனதோ?"

"போனது."

"அவன் நிண்டவனோ?"

"ஓம். நிண்டவன்."

பத்மா கதிரையில் உட்கார்ந்தாள். "எப்பிடிப் போனது எண்டு சொல்லுங்கோ," என்றாள். அந்த வீட்டுக்கு வந்தபிறகு அவளாக ஒன்றைக் கேட்டது அதுதான். யோகராணி அடுப்பைக் குறைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் விக்னராஜா வேலையிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டார். அன்றிரவு அவள் மறுபடியும் எழுதினாள். சிவமணி அங்கிள் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் அவருடைய மனைவி, அடுத்த கதை எப்போது வருமென்று தொலைபேசியில் விசாரிப்பார்.

தொழிற்சாலை வேலையை அவள் விடவில்லை. விடச் சொல்லி விக்னராஜா இரண்டு தடவை சொன்னார், அந்தச் சத்தம் வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். எழுபத்தொன்பது வசந்தத்தில் ஒரு காலை, வழக்கமான ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். பாதையோரம் முழுவதும் வொற்றில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. எதிர் இருக்கையில் ஒரு வயதான சோடி. பெண் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுடைய தொப்பி விழாமல் அந்த மனிதர் ஒரு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். கை வலித்திருக்கும், மாற்றவில்லை. யோகராணி அந்த விரலைப் பார்த்தாள். இந்த மனிதருக்கு இருபத்தைந்து வயதில் என்ன பெயர், முதலில் எங்கே கண்டிருப்பார்கள், யார் முதலில் பேசியது என்று யோசித்தாள். ஒரு மண்டபம் வந்தது, ஒரு மழை வந்தது, தொப்பி பறந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது டண்டினொங் எப்போதோ போய்விட்டிருந்தது. வெளியே புல்வெளியும் மாடுகளும் நீல மலையும். அந்தச் சோடியும் எங்கோ இறங்கிவிட்டார்கள். அடுத்து வந்த சின்ன நிலையத்தில் அவள் இறங்கினாள். மேடையில் வேறு யாரும் இல்லை. வேலைக்குப் பிந்திவிட்டது, நோர்மா பேசுவாள். திரும்பிப் போகிற ரயில் வர நேரம் இருந்தது. யோகராணி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, பறந்த தொப்பி யாருடைய காலடியில் போய் விழுந்தது என்று பார்க்கத் தொடங்கினாள்.